அலகு முறிந்த பேனாக்கத்தியைச் சீர்செய்யும் முறை

பேனாக்கத்தியின் அலகு வெட்டும் வேலையில் முறிவது அரிது. நெம்பும் வேலையில்தான் பெரும்பாலும் முறிகிறது. முற்றிய தேங்காயின் பருப்பைச் சிரட்டையிலிருந்து கெந்தி எடுக்கவும், பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறக்கவும், மரப்பெட்டியில் அறைந்த ஆணியைக் கிளப்பவும், சுவிட்சுப் பலகையின் திருகை முடுக்கவும், கைக்கு எட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்தச் சிறு கத்தியை எடுத்துவிடுகிறோம். பனையோலையைக் கீறிக் கொட்டான் முடையவும், மாம்பழம் நறுக்கவும், பார்சலின் சணல் கயிற்றை அறுக்கவும் பல்லாண்டு உழைத்த கத்தி அப்படிப்பட்ட ஒரு நெம்பலில் நுனி உடைந்தோ, பாதியில் முறிந்தோ போய்விடுகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் இவ்வாறு முறிந்த கத்திகள் மேசை இழுப்பறைகளிலும் பெட்டகங்களிலும் கிடப்பதை நிறையப் பார்க்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை இன்னும் உழைக்கக்கூடியவை. எவற்றை மீட்கலாம், எவற்றை மீட்க முடியாது, மீட்பதென்றால் எப்படி என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அலகு ஏன் முறிந்தது என்பது தெரிந்தால்தான் அதை எப்படிச் சீர்செய்வது என்பதும் தெளிவாகும். 15 மி.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் உள்ள ஓர் அலகை எடுத்துக்கொள்வோம். வெட்டும்போது விசை அகலத்தின் வழியே செல்கிறது. நெம்பும்போது கனத்தின் வழியே செல்கிறது. வெறும் பட்டையாகக் கணக்கிட்டாலே, பக்கவாட்டு வளைப்பைத் தாங்கும் திறன் வெட்டு விசையைத் தாங்கும் திறனில் ஏழில் ஒரு பங்குதான் தேறும். அலகோ வெட்டும் விளிம்பான வாயை நோக்கியும் நுனியை நோக்கியும் மெலிந்துகொண்டே போவதால், உண்மையில் அந்தப் பங்கு இன்னும் குறைவு. இத்துடன், அலகைத் திறப்பதற்காக வெட்டியிருக்கும் நகப்பள்ளம் உலோகத்தில் ஒரு கீறல் போலவே செயல்பட்டு, வளைக்கும் விசையைத் தன்னிடம் குவித்துக்கொள்கிறது. நடுவில் முறிந்த அலகுகளில் முறிவு பெரும்பாலும் அந்தப் பள்ளத்தை ஒட்டி ஓடியிருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது துவைச்சல். காய்ச்சிய உருக்கைத் திடீரெனக் குளிர்வித்துக் கடினமாக்கி, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தி நொறுங்காத நிலைக்குக் கொண்டுவரும் வேலையைத்தான் கொல்லர்கள் அவ்வாறு சொல்கிறார்கள். 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் நிறுவனம், தன் பேனாக்கத்தி அலகுகளை 1040 டிகிரி செல்சியஸில் காய்ச்சிக் கடினப்படுத்தி, பின்னர் 160 டிகிரியில் பதப்படுத்துகிறது. அதனால் கிடைக்கும் கடினம், உலோகக் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56. இந்தக் கடினம் இருப்பதால்தான் கூர் நிற்கிறது. சீர்செய்கிறேன் என்று அலகைச் சூடேற்றினால் அந்தக் கடினம் போய்விடும். பார்வைக்கு முழுமையாகத் தெரியும் அலகு வெங்காயத்தை நான்கு முறை நறுக்கியதும் மழுங்கிவிடும். ஆகவே பின்வரும் எல்லா வேலைகளிலும் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: அலகில் எஞ்சியிருக்கும் துவைச்சலைக் காப்பாற்றுங்கள். வேகத்தையும் வசதியையும் அதற்காக விட்டுக்கொடுக்கலாம்.

முறிவைப் படித்தல்

கத்தியைக் கையில் எடுத்ததும் வாயின் மேல் தடித்த துணியையோ இன்சுலேஷன் டேப்பையோ சுற்றுங்கள். உடைந்த துண்டைத் தேடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். புதிய அலகு செய்ய நேர்ந்தால் அது அளவுக்கு உதவும். பிறகு முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில், மாவு போன்ற நுண்ணிய மணியுடன் இருந்தால் உருக்கு நல்லது. ஒரே நெம்பலில் முறிந்திருக்கிறது. ஒரு பகுதி பழுப்பேறியிருந்தால் அங்கே முன்பே விரிசல் இருந்து ஈரம் புகுந்திருக்கிறது. எஞ்சிய அலகிலும் விரிசல் இருக்கக்கூடும். மணி பெரிதாக, சர்க்கரை போல் மின்னினால் தயாரிப்பின்போதே அதிகமாகக் காய்ச்சப்பட்ட உருக்கு. அதில் உழைப்பைச் செலவிடுவது வீண்.

அலகு எவர்சில்வர் வகையா, கார்பன் உருக்கா என்பதும் தெரிய வேண்டும். காந்தம் இதற்கு உதவாது. கத்திக்குப் பயன்படும் எவர்சில்வர் வகைகளும் காந்தத்தில் ஒட்டும். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சொட்டை அலகின் அடிப்பக்கத்தில் விட்டுச் சில நிமிடங்கள் கழித்துத் துடைத்தால், கார்பன் உருக்கில் கருஞ்சாம்பல் கறை விழுந்திருக்கும். எவர்சில்வரில் ஒன்றும் தெரியாது. கார்பன் உருக்கென்றால் உள்ளூர்க் கொல்லரிடம் மாற்று அலகு செய்யும் வழி திறந்திருக்கிறது. எவர்சில்வர் என்றால் அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது என்று கொள்ளலாம், ஏனெனில் 1000 டிகிரிக்கு மேல் சீராகக் காய்ச்சும் வசதி கரி உலையில் இல்லை.

துருவையும் இப்போதே கவனித்துவிட வேண்டும். துரு அரித்த குழிகள் விரிசலுக்கு வாசல்கள். மேலோட்டமான துருவை எண்ணெய் தொட்ட நுண்ணிய எவர்சில்வர் கம்பிநாரால் தேய்த்து எடுக்கலாம். நகம் தட்டுப்படும் அளவு ஆழமான குழிகள் நகப்பள்ளத்தை ஒட்டியோ அலகு சுழலும் அச்சாணியை ஒட்டியோ இருந்தால் அந்த அலகை நம்ப வேண்டாம். (உலோக அரிமானத்தை ஆராய்வதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் காரைக்குடியில்தான் இயங்கிவருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் மண்ணுக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. துருவை அற்பமாக எண்ணாத மரபு நமக்கு இருக்கவே செய்கிறது.)

எவ்வளவு நீளம் போயிருக்கிறது என்பதே அடுத்த முடிவைத் தீர்மானிக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகப் போயிருந்தால் புதிய நுனி அமைத்துக்கொள்ளலாம். பாதி போயிருந்தாலும் ஓலை கீறவும் உறை பிரிக்கவும் பயன்படும் குட்டை அலகாக மாற்றலாம். ஆனால் நகப்பள்ளம் எஞ்சியிருக்க வேண்டும், இல்லையேல் அலகைத் திறக்கவே வழியிராது. நகப்பள்ளத்துக்குக் கீழே முறிந்ததை மாற்றித்தான் ஆக வேண்டும்.

புதிய நுனி அமைத்தல்

பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது இந்த வேலைதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நுனி உடைந்த அலகில் புதிய நுனியை முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து உருவாக்க வேண்டும். வாய்ப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தேய்க்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வாயைத் தேய்த்தால் மெலிந்து கூராக இருக்கும் பகுதியை இழந்து, தடித்த பகுதியில் புதிய வாய் பிடிக்க வேண்டியதாகிறது. அதைவிட முக்கியமான காரணம் மடக்கும் அமைப்பில் இருக்கிறது. மடக்கிய கத்தியில் வாய் பிடியின் உள்ளே இருக்கிறது, முதுகு வெளிப்பக்கம் இருக்கிறது. நுனி முதுகின் மட்டத்துக்கு ஏறிவிட்டால், மடக்கிய பின்னும் அது பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்; சட்டைப்பையில் கையை விடுபவரின் விரலைக் கீறும். முதுகைச் சரித்து நுனியை வாயின் மட்டத்துக்கு இறக்கினால், அது பிடியின் பள்ளத்துக்குள் ஆழமாக உட்கார்ந்துவிடும்.

முதலில் அலகின் இரு பக்கங்களிலும் அழியாத மை பேனாவால் புதிய முதுகுக் கோட்டை வரையுங்கள். எஞ்சிய முதுகின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னிருந்து தொடங்கி, மென்மையான வளைவாக இறங்கி, வாய் முடியும் இடத்தில் சேர வேண்டும். செங்குத்தாக இறக்கினால் உழைப்பு குறையும், ஆனால் நுனி மொண்ணையாகத் தெரியும். மிகவும் சாய்வாக இறக்கினால் நுனி ஊசி போலாகி மீண்டும் உடையும். வரைந்தபின் கத்தியை மடக்கிப் பார்த்து, கோட்டுக்கு மேலுள்ள பகுதி போனால் நுனி பிடிக்குள் மறைகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேய்க்கத் தொடங்குமுன் அச்சாணிப் பகுதியையும் பிடியின் வாயையும் டேப்பால் நன்கு மூடுங்கள். உலோகத்தூளும் கல்லின் மணலும் மூட்டுக்குள் புகுந்தால் கத்தி திறக்கும்போதெல்லாம் அரைபடும். அலகை வைஸில் பிடிப்பதானால் இரு பக்கமும் மென்மையான மரத்துண்டு வையுங்கள். இரும்பு வாய்க்கிடையில் நேரடியாக இறுக்கினால் அலகில் வடு விழும், சில வேளை முறியவும் செய்யும்.

சாதாரண அரம் இந்த அலகின்மேல் வழுக்கிக்கொண்டே போகும். வழுக்குவது நல்ல அடையாளம். துவைச்சல் நிலைத்திருக்கிறது என்று பொருள். வைரத்தூள் பதித்த தட்டை அரம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அதுவே இந்த வேலைக்குச் சிறந்தது. அது இல்லாவிட்டால், தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 120 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் தெளித்துத் தேய்க்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின்மேல் நேரடியாக வைத்துத் தேய்க்க வேண்டாம். மணலும் உலோகத்தூளும் அதன் பளபளப்பை அழித்துவிடும். பழைய பலகை ஒன்றை அடியில் போட்டுக்கொள்ளுங்கள். கையால் தேய்த்தால் 5 மி.மீ. முதுகை இறக்க ஒரு மாலைப் பொழுது ஆகலாம். என் தீர்ப்பில் அந்த மாலை வீணல்ல: கையால் தேய்க்கும்போது அலகு ஒருபோதும் துவைச்சலை இழக்கும் அளவுக்குச் சூடாவதில்லை.

தெருவில் சைக்கிளுடன் வரும் சாணைக்காரரிடமோ, பட்டறையில் உள்ள பெஞ்ச் கிரைண்டரிலோ கொடுப்பதானால் அருகிலேயே நின்றுகொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கல்லின்மேல் இரண்டு விநாடி வைத்ததும் அலகைத் தண்ணீரில் தோய்த்து எடுக்க வேண்டும். தோய்க்குமுன் விரல் பொறுக்காத சூடு ஏறியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கார்பன் உருக்கில் நிறமே சாட்சி சொல்லும். வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் ஏறத்தாழ 220 டிகிரி, பழுப்பு வந்தால் 255க்கு அருகில், கத்தரிப்பூ நிறம் 280, நீலம் 300. நீலம் பாய்ந்த இடம் கத்தி வாய்க்கு ஆகாது. அந்த இடத்தை முழுவதும் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது. நுனியே மிக மெல்லிய பகுதி, அங்கேதான் சூடு நொடியில் ஏறும். ஆகவே கிரைண்டரில் கோட்டுக்கு 1 மி.மீ. மேலேயே நிறுத்திவிட்டு மீதியைக் கையால் முடிப்பதே முறை. சுழலும் கல்லின் அருகே கையுறை அணியக் கூடாது. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி அணிவது கட்டாயம்.

முதுகு இறங்கியபின் 240, 400, 800 எண் தாள்களால் வரிசையாகத் தேய்த்து வளைவை மென்மையாக்குங்கள். முதுகின் விளிம்புகளில் பிசிர் இருந்தால் அது கட்டைவிரலை அறுக்கும். பிறகு பக்கங்களைப் பாருங்கள்: பழைய நுனி மெலிந்திருந்தது, புதிய நுனி அலகின் தடித்த பகுதியில் அமைந்திருக்கிறது. இதை மெலிக்காமல் விட்டால் நுனி எதிலும் இறங்காது. கல்லின்மேல் அலகை ஏறத்தாழப் படுக்க வைத்து, கடைசி 10 மி.மீ. பகுதியை மட்டும் இரு பக்கமும் சமமாகத் தேய்த்து மெலிக்க வேண்டும். பலரும் இந்த ஒரு படியை விட்டுவிட்டு, சீர்செய்த கத்தி முன்போல இல்லை என்று வருந்துகிறார்கள்.

கடைசியாகக் கூர். பேனாக்கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணம் பொருத்தமானது. கோணமானி வேண்டாம்: 15 மி.மீ. அகல அலகில் முதுகைக் கல்லிலிருந்து 4 மி.மீ. உயர்த்தினால் 15 டிகிரி, 5 மி.மீ. உயர்த்தினால் 20 டிகிரி. அந்த உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி ஒருமுறை கைக்குப் பழக்கிக்கொண்டால் போதும். 400 எண் கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் விரல்நுனிக்கு மெல்லிய பிசிர் தட்டுப்பட்டதும் பக்கத்தை மாற்றுங்கள். பிறகு 1000 எண் கல்லில் இதையே இலேசான அழுத்தத்தில் செய்து, முடிவில் பழைய தோல் வாரின் உட்புறத்தில் வாயைப் பின்னோக்கி இழுத்துப் பிசிரை அகற்றுங்கள். செய்தித்தாளின் விளிம்பைக் கிழிக்காமல் அறுத்தால் வேலை முடிந்தது.

சில்லும் வளைவும் ஆட்டமும்

வாயில் சில்லு பெயர்ந்திருந்தால், சில்லின் ஆழம் 1 மி.மீ.க்குள் இருக்கும்போது, வாயைக் கல்லின்மேல் செங்குத்தாக வைத்துச் சில்லு மறையும்வரை சமமாக இறக்கி, பிறகு புதிதாகக் கூர் ஏற்றுங்கள். அதைவிட ஆழமானதை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். பாதி எடுத்துவிட்டுப் பயன்படுத்தினால், அடுத்தடுத்துச் சாணை பிடிக்கையில் தானே மறையும். வளைந்த நுனியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது ஆபத்து. மரத்துண்டுகளுக்கிடையே வைத்து மெல்ல அழுத்தினால் சிறு வளைவு நிமிரலாம். நிமிராவிட்டால் வளைந்த பகுதியை இழந்து புதிய நுனி அமைப்பதே மேல்.

நெம்பியதில் அலகு முறியாமல் அச்சாணி மட்டும் தளர்ந்து, அலகு பக்கவாட்டில் ஆடுவதும் உண்டு. ஆணித் தலை வெளியே தெரியும் கத்திகளில் இதைச் சரிசெய்வது எளிது. ஒரு பக்கத் தலையைப் பட்டடைக் கல்லின்மேலோ தடித்த இரும்புக் கட்டியின்மேலோ உட்கார வைத்து, மறு பக்கத் தலையின் விளிம்பைச் சுற்றிச் சிறு உருண்டைமுகச் சுத்தியலால் இலேசாகத் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை அலகைத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிவிட்டால் தளர்த்துவது கடினம் என்பதால் அவசரம் வேண்டாம். முதுகு ஸ்பிரிங்கே முறிந்திருந்தால் அந்தக் கத்தியை ஸ்பிரிங் மாற்றும்வரை பயன்படுத்தக் கூடாது. அலகைத் திறந்த நிலையில் பிடித்திருக்கும் விசை போய்விட்டதால், அது விரலின்மேல் மடங்கும்.

முறிந்த இரு துண்டுகளையும் வெல்டிங் வைத்து ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. வெல்டிங் சூட்டில் இணைப்பின் இரு புறமும் துவைச்சல் முழுவதும் அழிகிறது. இணைப்பை ஒட்டிய மெல்லிய வரி மட்டும் திடீரெனக் குளிர்ந்து கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. அடுத்த முறை அது முறியும்போது கையில் கத்தி இருக்கும், எதிரே விரல் இருக்கும்.

அலகை மாற்றுதல்

மாற்றுவதென்று முடிவானால், முதலில் தயாரிப்பாளரின் சேவை நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் உலோகத்திலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளுக்கு மட்டுமே பொருந்தும். நெம்பி முறித்ததற்குப் பொருந்தாது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கட்டணத்துக்குச் சீர்செய்து தர இயலுமா என்று கேட்பதுதான் நேர்மையும் பயனும் உள்ள வழி. கத்தியின் விலையைவிடக் கட்டணமும் அனுப்பும் செலவும் மிகுந்தால், அதே வகைக் கத்தி ஒன்றைப் பழையதாக வாங்கி அதன் அலகை எடுத்துப் பொருத்தலாம்.

திருகு வைத்துக் கட்டிய புதுவகைக் கத்திகளில் மாற்றுவது எளிது. செல்போன் பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும் நட்சத்திர வாய்த் திருப்புளிகளில் டி6, டி8 அளவுகள் பெரும்பாலும் பொருந்தும். திருகு அசையாவிட்டால் மரையில் பசை இட்டிருக்கிறார்கள். சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும். திருகின் தலையைத் தவிர வேறெங்கும் சூடு படக் கூடாது. அலகின் இரு புறமும் உள்ள மெல்லிய வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு பிரியுங்கள்.

ஒப்பினெல் போன்ற மரப்பிடிக் கத்திகளில் ஒரே ஒரு ஆணிதான். ஆனால் 1955க்குப் பின் வந்த வகைகளில் உள்ள பூட்டு வளையத்தை முதலில் விரித்துக் கழற்ற வேண்டும்.

பித்தளைத் தகடுகளை ரிவெட் அடித்துக் கட்டிய கத்திகளே நம் வீடுகளில் அதிகம். அவற்றில் அச்சாணியின் ஒரு தலையை மட்டும் அரத்தால் தகட்டின் மட்டத்துக்குத் தேய்த்து, ஆணியைவிடச் சற்று மெல்லிய 'பஞ்ச்' என்னும் இரும்புக் கோலால் மறுபுறம் தட்டி வெளியேற்ற வேண்டும். அடியில் ஒரு நட்டை வைத்து, ஆணி அதன் துளைக்குள் இறங்கும்படி செய்யுங்கள். இதைச் செய்யும்போது அலகு முழுக்க மடங்கியோ முழுக்கத் திறந்தோ இருக்கட்டும். பாதி திறந்த நிலையில் ஸ்பிரிங் மிகவும் அழுந்தியிருப்பதால் ஆணி விடுபட்டதும் அலகு துள்ளும். விக்டோரினாக்ஸ் போன்றவற்றில் பிளாஸ்டிக் பிடித் தகடுகள் ரிவெட் தலைகளின்மேல் அழுத்திப் பொருத்தப்பட்டவை; மெல்லிய தகட்டால் ஓரத்திலிருந்து மெல்ல விலக்கினால் வந்துவிடும்.

புதிய அலகைக் கொல்லரிடம் செய்வதானால், பழைய அலகின் அடியை எறிந்துவிடாமல் கொண்டுபோங்கள். மடக்குக் கத்தியின் உயிர் அந்த அடியில்தான் இருக்கிறது. ஆணித் துளையின் மையத்திலிருந்து, மடங்கிய நிலையில் ஸ்பிரிங்கில் அமரும் முகமும், திறந்த நிலையில் அமரும் முகமும் சரியான தொலைவில் இருந்தால்தான் அலகு இரு நிலைகளிலும் ஆடாமல் நிற்கும். பத்தில் ஒரு மி.மீ. பிழையும் கையில் தெரியும். ஆகவே பழைய அடியைப் புதிய உருக்கின்மேல் வைத்து, துளையையும் விளிம்பையும் ஊசியால் கீறி அடையாளம் செய்து, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, பொருத்திப் பார்த்துப் பார்த்து அரத்தால் இறக்க வேண்டும்.

எந்த உருக்கு? நம் சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். இப்பகுதிக் கொல்லர்களுக்கு உருக்கின் குணம் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை சிறந்தது. அதில் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் அடியைத் தாங்கும். பேனாக்கத்திக்கு அடியைத் தாங்கும் குணத்தைவிடக் கூர் நிற்கும் குணமே வேண்டும் என்பதால் தேய்ந்த பழைய அரம் அதைவிடப் பொருத்தம். நல்ல அரத்தில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஹாக்ஸா அலகைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதில் வெவ்வேறு உருக்குகளைச் சேர்த்தும் செய்கிறார்கள், பற்களுக்கு மட்டும் கடினம் ஏற்றியும் செய்கிறார்கள். எது கையில் இருக்கிறது என்று தெரியாமல் அதில் இறங்குவதை நான் விரும்புவதில்லை.

அரத்தைக் கொண்டு செய்வதற்கு உலையில் அடித்து நீட்ட வேண்டிய தேவைகூட இல்லை. அரத்தின் துவைச்சலை அப்படியே வைத்துக்கொண்டு, 200 முதல் 220 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை வைத்தெடுத்தால் அதன் நொறுங்கும் தன்மை குறையும். பேக்கரி அடுப்பில் இதைச் செய்யலாம். ஆணித் துளை இட வேண்டிய அடிப்பகுதியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அது டிரில் ஏற்கும் அளவுக்கு இளகும்; அப்போது மறுமுனையை ஈரத் துணியால் சுற்றித் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். பிறகு பற்கள் வேரோடு மறையும்வரை இரு பக்கமும் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். பல்லின் அடிக்கீறல் ஒன்று மிஞ்சினாலும் அங்கே விரிசல் தொடங்கும். இவ்வாறு செய்த அலகு பளபளக்காது, புளிப்புப் பட்டால் கறுக்கும், ஆனால் கூர் நிற்பதில் கடையில் வாங்கியதற்குச் சளைக்காது.

பொருத்துவதற்கு, பழைய ஆணியின் விட்டத்தை வெர்னியரால் அளந்து அதே அளவுப் பித்தளைக் கம்பி வாங்குங்கள். 2.5 மி.மீ. ஆணியானால் இரு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. வெளியே நிற்கட்டும். குளிர்பானக் கேனின் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம் உள்ளது, அதில் ஒரு துண்டை வெட்டி, ஆணியை அணைக்கும்படி பிளவு வைத்து, அலகுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையில் செருகிய பின் தலைகளைத் தட்டி விரியுங்கள். தலை படிந்ததும் அந்தத் துண்டை உருவி எடுத்துவிட்டால், அலகு தாராளமாகத் திரும்பும் இடைவெளி கிடைத்திருக்கும்.

பழைய கத்திகள்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன ஐயாக்கள் (பாட்டனார்கள்) கொண்டுவந்து வைத்த கத்திகள் இப்பகுதி வீடுகளில் உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. அலகின் அடியில் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்களான ஷெஃபீல்டு (இங்கிலாந்து) என்றோ சோலிங்கன் (ஜெர்மனி) என்றோ முத்திரை இருந்தால் அதைத் தேய்த்துவிடாதீர்கள். நுனி உடைந்திருந்தாலும் அப்படியே வைத்திருப்பது நல்லது. ஓலைச்சுவடிக் காலத்து மடக்கெழுத்தாணிகளில் எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடியில் மடங்கும். அவற்றின்மேல் அரத்தை வைப்பது கூடவே கூடாது. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும்.

பழைய கத்தியைப் பயன்பாட்டுக்கே கொண்டுவர விரும்பினால், முதலில் பிடியை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூட வாசம் வந்தால் அது செல்லுலாய்டு. சூடத்தைச் சேர்த்தே அந்தப் பொருளைச் செய்தார்கள். அது தீப்பொறி பட்டால் சட்டெனப் பற்றி எரியும். அப்படிப்பட்ட கத்தியைக் கிரைண்டர் அருகே கொண்டுபோகாமல் எல்லா வேலையையும் கையாலேயே முடிக்க வேண்டும். எலும்புப் பிடியானால் தண்ணீரில் ஊறவிடக் கூடாது, பிளந்துவிடும்.

பையில் போடுமுன்

சீர்செய்த கத்தியை மண்ணெண்ணெயில் அலசி, மூட்டுக்குள் உள்ள தூளைப் பழைய பல்துலக்கியால் வெளியேற்றி, நன்கு துடைத்து, அச்சாணியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். நல்லெண்ணெயை மூட்டில் விட வேண்டாம்; நாளடைவில் பிசினாகி இறுகும். கார்பன் அலகின்மேல் தேங்காயெண்ணெயை மெல்லியதாகப் பூசலாம், உணவிலும் பட்டால் கேடில்லை. பிறகு அலகைப் பலமுறை திறந்து மூடி, திறந்த நிலையில் மேலும் கீழும் ஆட்டம் இருக்கிறதா, மடக்கும்போது வாய் பித்தளைத் தகட்டில் உரசுகிறதா, நுனி பிடிக்குள் முழுவதும் மறைகிறதா என்று பாருங்கள். மாற்று அலகு பொருத்தியிருந்தால் முதல் சில வாரங்களில் ஆணி சற்றுத் தளர்வது இயல்பு. மீண்டும் ஒருமுறை இலேசாகத் தட்டிவிட்டால் நின்றுவிடும். தேய்த்தெடுத்த உலோகத்தூளைக் காந்தத்தால் திரட்டி, முறிந்த துண்டுடன் தடித்த அட்டையில் மடித்து டேப் சுற்றிப் பழைய இரும்புக் கடையில் கொடுங்கள். குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும்.